சீமான்கள் வீட்டு விருந்தைச் சந்தி சிரிக்க வைத்தவர்

பெரிய மாளிகை. இசை நாடகம் பார்த்துவிட்டு இருபது பேர் இரவு விருந்துக்கு வருகிறார்கள். பட்டு உடை, வைர நகை, வெள்ளிப் பாத்திரம், எதிலும் குறைவில்லை. ஆனால் அந்த வீட்டுச் சமையல்காரரும் வேலைக்காரர்களும் ஆளுக்கொரு சாக்குச் சொல்லி வெளியே போகிறார்கள். ஏன் போகிறோம் என்பது அவர்களுக்கே தெரியாது. தலைமைப் பணியாளர் ஒருவர் மட்டும் மிச்சம்.

விருந்து முடிகிறது. பியானோ வாசித்தாகிவிட்டது. யாரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை. விடிந்த பிறகும் கிளம்பவில்லை. அறைக்குப் பூட்டு இல்லை, காவல் இல்லை. ஆனாலும் அந்த வாசலை ஒருவராலும் தாண்ட முடியவில்லை!

நாட்கள் நகர்கின்றன. தாகம் தாங்காமல் சுவரை உடைத்து, குழாயைப் பிளந்து தண்ணீர் குடிக்கிறார்கள். உள்ளே வந்துவிட்ட ஆட்டைப் பிடித்து, அறையிலேயே தீ மூட்டிச் சுட்டுத் தின்கிறார்கள். நேற்று வரை மென்மையாகப் பேசியவர்கள் ஒருவர் மேல் ஒருவர் பாய்கிறார்கள்.

1962-ல் மெக்சிகோவில் எடுக்கப்பட்ட 'அழிக்க வந்த தேவதூதன்' என்ற படத்தின் கதை இது. எடுத்தவர் லூயிஸ் புனுவல். கனவில் நடப்பதைப்போல, காரணம் சொல்லாமல், நடக்க முடியாததை நடந்ததாகக் காட்டும் 'சர்ரியலிசம்' என்ற கலைமுறையைச் சினிமாவுக்குக் கொண்டுவந்தவர்களில் முதல்வர்.

பணக்கார வீட்டுப் பிள்ளை

சீமான்களைக் கேலி செய்த புனுவல் குடிசையில் பிறந்தவர் அல்ல. ஸ்பெயின் நாட்டில் கலண்டா என்ற ஊரில் 1900 பிப்ரவரி 22-ந் தேதி பிறந்தார். ஏழு பிள்ளைகளில் மூத்தவர். தந்தை கியூபா தீவுக்குப் போய் இரும்புச் சாமான் வியாபாரத்தில் பணம் சேர்த்துத் திரும்பியவர். குடும்பம் சரகோசா நகரில் வசதியாக வாழ்ந்தது. பாதிரியார்கள் நடத்திய பள்ளிக்கூடத்தில் கண்டிப்பான படிப்பு. ஆனால் இளம் வயதிலேயே கடவுள் நம்பிக்கை அவரை விட்டுப் போய்விட்டது.

கலண்டாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. பெரிய வெள்ளியன்று நண்பகலில் ஊரே கூடி ஒரே நேரத்தில் மேளம் கொட்டத் தொடங்கும். மறுநாள் வரை ஓயாது. தோல் உரிந்து கையில் ரத்தம் கசியும். அந்த மேளச் சத்தம் புனுவலின் காதை விட்டுக் கடைசிவரை போகவில்லை.

1917-ல் மாட்ரிட் நகருக்குப் படிக்கப் போனார். சில காலம் பூச்சியியலும் படித்தார். பிற்காலத்தில் பணக்காரர்களையும் அதே பூதக்கண்ணாடியால் பார்த்தார் என்று சொல்லலாம். அங்கே மாணவர் விடுதியில் இருவர் நண்பர்களானார்கள். ஒருவர் கவிஞர் லோர்கா. இன்னொருவர் ஓவியர் சால்வதோர் டாலி.

பையில் கற்கள்

1925-ல் பாரிசுக்குப் போனார். அங்கே சினிமா அவரைப் பிடித்துக்கொண்டது. உதவி டைரக்டராக வேலை கற்றார். பிறகு தாயாரிடம் பணம் வாங்கினார். அதில் பாதியை இரவு விடுதிகளில் செலவழித்துவிட்டு, மீதியில் டாலியோடு சேர்ந்து ஒரு குறும்படம் எடுத்தார். அதுதான் 1929-ல் வந்த 'அந்தலூசிய நாய்'. அதில் நாயும் இல்லை, அந்தலூசியாவும் இல்லை! சவரக் கத்தியால் கண்ணை அறுக்கும் காட்சியோடு படம் தொடங்கும். அறுக்கப்பட்டது செத்த கன்றின் கண்.

பார்ப்பவர்கள் அடிக்க வருவார்கள் என்று எண்ணி, சட்டைப் பையில் கற்களை நிரப்பிக்கொண்டு திரைக்குப் பின்னால் நின்றாராம் புனுவல். ஆனால் பாரிசின் நாகரிகக் கூட்டம் எழுந்து கை தட்டியது. யாரைச் சீண்ட நினைத்தாரோ அவர்களே ரசித்துவிட்டார்கள். இந்த வேடிக்கை அவர் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது.

அடுத்த படமான 'பொற்கால'த்துக்கு ஒரு பிரபுவே பணம் கொடுத்தார். பிரபுக்களின் விருந்தையும் மதத்தையும் அது கிழித்தெறிந்தது. 1930 டிசம்பரில் வலதுசாரிக் கூட்டத்தார் தியேட்டருக்குள் புகுந்து திரையில் மை வீசி, நாற்காலிகளை உடைத்தார்கள். போலீசார் படத்துக்குத் தடை போட்டார்கள். ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் அந்தத் தடை நீடித்தது.

வேலை போயிற்று

1936-ல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டது. லோர்காவைச் சுட்டுக் கொன்றார்கள். புனுவல் குடியரசு அரசின் பக்கம் நின்று பாரிசில் வேலை பார்த்தார். பிறகு அமெரிக்கா போனார். 1939-ல் பிராங்கோ வெற்றி பெற்றார். ஊருக்குத் திரும்பும் வழி அடைபட்டது.

நியூயார்க் நவீனக் கலைக் காட்சியகத்தில் படங்களை வெட்டி ஒட்டிச் சீர்செய்யும் சம்பள வேலை கிடைத்தது. மனைவி, இரண்டு மகன்கள். மாதச் சம்பளத்தில் குடும்பம் ஓடியது. அதற்கும் வந்தது ஆபத்து. பழைய நண்பர் டாலி தம் சுயசரிதையில் புனுவலை நாத்திகர் என்று எழுதிவிட்டார். எதிர்ப்புக் கிளம்பியது. 1943-ல் புனுவல் ராஜினாமா செய்தார். நாற்பத்து மூன்று வயதில் அயல்நாட்டில் வேலையில்லாதவர் ஆனார். பிறகு ஹாலிவுட்டில் படங்களுக்கு ஸ்பானிய மொழிக் குரல் சேர்க்கும் பிரிவில் வேலை பார்த்தார். ஏறக்குறைய 14 ஆண்டுகள் அவர் பெயரில் படமே வரவில்லை.

குப்பத்துப் பிள்ளைகள்

1946-ல் மெக்சிகோவுக்குப் போனார். 1949-ல் அந்த நாட்டுக் குடிமகன் ஆனார். குறைந்த செலவில், சில வாரங்களில் படத்தை முடித்துக் கொடுப்பார். கிடைத்த கதையைத் தட்டாமல் எடுத்தார். நடுநடுவே தம் மனதில் இருந்ததையும் எடுத்தார்.

1950-ல் வந்த 'மறக்கப்பட்டவர்கள்' மெக்சிகோ நகரக் குப்பத்துப் பிள்ளைகளைப் பற்றியது. ஏழை என்றால் நல்லவன் என்று பூசி மெழுகவில்லை. பசி மனிதனை என்ன செய்யும் என்று காட்டினார். நாட்டுக்கு அவமானம் என்று கூச்சல் எழுந்து, சில நாட்களிலேயே படம் தூக்கப்பட்டது. ஆனால் 1951-ல் கேன்ஸ் விழாவில் சிறந்த டைரக்டர் பரிசு கிடைத்தது. அங்கே அந்தப் படத்தைப் புகழ்ந்து தாமே எழுதி, வந்தவர்களுக்கெல்லாம் வழங்கியவர் கவிஞர் ஆக்டேவியோ பாஸ். 1962 முதல் 1968 வரை டெல்லியில் மெக்சிகோ தூதராக இருந்தவர் இவர்தான்.

1960-ல், 24 ஆண்டுகளுக்குப் பிறகு புனுவல் ஸ்பெயின் மண்ணை மிதித்தார். அங்கே எடுத்த 'விரிடியானா' 1961-ல் கேன்ஸ் விழாவின் முதல் பரிசைப் பகிர்ந்துகொண்டது. வாத்திகன் பத்திரிகை கண்டித்தது. பிராங்கோ அரசு தடை விதித்தது. பிராங்கோ இறந்த பிறகு, 1977-ல்தான் ஸ்பெயின் மக்கள் அதைப் பார்த்தார்கள்.

சாப்பிட முடியாத ஆறு பேர்

பட அதிபர் செர்ஜ் சில்பர்மன் ஒருநாள் தமக்கு நேர்ந்ததைப் புனுவலிடம் சொன்னார். நண்பர்களை விருந்துக்கு அழைத்தவர், மனைவியிடம் சொல்ல மறந்துவிட்டார். விருந்தாளிகள் வந்து நின்றபோது வீட்டில் எதுவும் சமைக்கவில்லை. இந்தச் சின்னச் சங்கடம்தான் 1972-ல் 'பூர்ஷ்வாக்களின் அடக்கமான வசீகரம்' ஆயிற்று. கூட இருந்து கதை எழுதியவர் ழான் குளோத் கரியேர். பின்னாளில் மகாபாரதத்தைப் பீட்டர் புரூக்குக்கு நாடகமாக எழுதிக் கொடுத்தவர் இவரே.

ஆறு சீமான்கள், சீமாட்டிகள். இவர்கள் சேர்ந்து உட்கார்ந்து ஒருவேளை சாப்பிட வேண்டும். நடப்பதே இல்லை. ஒருநாள் தேதி மாறிவிடுகிறது. இன்னொரு நாள் உணவு விடுதியின் பக்கத்து அறையில் முதலாளியின் பிணம். பிறகு பட்டாளம் வருகிறது. போலீஸ் வருகிறது. ஒரு விருந்தில் பின்னால் திரை விலகுகிறது. பார்த்தால், அவர்கள் உட்கார்ந்திருப்பது நாடக மேடை! இவர்களில் ஒருவர் தூதர். அரசாங்கத் தூதுப் பையில் போதை மருந்து கடத்துகிறவர். ஆனால் எந்த நிலையிலும் ஆறு பேரும் மரியாதைச் சொல்லை மட்டும் விடமாட்டார்கள்.

ஒரு காட்சி. மதுவை எப்படி நாசூக்காகப் பருகுவது என்று பேச்சு வருகிறது. வெளியே நிற்கும் கார் டிரைவரைக் கூப்பிட்டு ஒரு கோப்பை கொடுக்கிறார்கள். அவர் நன்றி சொல்லி ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போகிறார். உடனே, பாமரர்களுக்குப் பண்பு வராது என்று முடிவு கட்டுகிறார்கள். தம்மைச் சோதனைக்கு வைத்தார்கள் என்பதே டிரைவருக்குத் தெரியாது. பார்ப்பவருக்குச் சிரிப்பு வரும். அடுத்த நிமிடம் சுருக்கென்று தைக்கும்.

அந்தப் படத்துக்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தது. முன்னதாக, பரிசு வருமா என்று கேட்ட நிருபர்களிடம், கேட்ட 25,000 டாலரைக் கொடுத்துவிட்டதாக வேடிக்கையாகச் சொல்லிவைத்தார் புனுவல். அமெரிக்காவில் பெரிய ரகளை ஆகிவிட்டது. பரிசு வாங்க அவர் போகவில்லை.

வீட்டுக்குள்ளே

அடுத்தவர் வீட்டு ஒழுங்குகளைக் கேலி செய்த புனுவல், தம் வீட்டில் கண்டிப்பான எஜமானர். மனைவி ழான் இளமையில் ஒலிம்பிக்கில் கலந்துகொண்ட வீராங்கனை, பியானோ வாசிப்பவர். அந்தப் பியானோவை அவரிடம் கேட்காமலேயே புனுவல் பிறருக்குக் கொடுத்துவிட்டார். கணவர் இறந்த பின் ழான் எழுதிய நினைவு நூலின் பெயரே பியானோ இல்லாத பெண் என்பதுதான். தான் பிறந்த வர்க்கத்தை முழுதாக உதறுவது எவ்வளவு கடினம் என்பதற்கு, அதை நன்றாக அறிந்த புனுவலே சாட்சி.

1977-ல் கடைசிப் படம் எடுத்தார். காது மந்தமாகிவிட்டது. 1983 ஜூலை 29-ந் தேதி மெக்சிகோ நகரில், 83-ம் வயதில் காலமானார். மெக்சிகோவில் எடுத்த 'நசாரின்' படத்தின் முடிவில், வேறு இசை எதுவும் இல்லாமல், கலண்டாவின் மேளம் ஒலிக்கும்.

தேவதூதன் படத்தில் சீமான்கள் எப்படியோ வெளியே வருகிறார்கள். நன்றி சொல்ல மாதா கோயிலுக்குப் போகிறார்கள். அங்கேயும் வாசலைத் தாண்ட முடியாமல் நிற்கிறார்கள். தங்கள் கால்களைக் கட்டியிருந்தது என்ன என்று அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. முதல் இரவிலேயே கதவைத் திறந்துகொண்டு தெருவுக்கு நடந்தவர்கள் வேலைக்காரர்கள்தான்.