தமிழில் மருத்துவம் வளர்த்த கிறீன்

தாய்மொழி வாயிலாக உயர்கல்வி புகட்டல் ஆகுமா, ஆகாதா என்னும் வினா எழும்போதெல்லாம் நாம் நினைவுகூர வேண்டிய பெரியார் ஒருவர் உளர். அவர் தமிழரல்லர், சைவருமல்லர். ஆயினும், மேனாட்டு மருத்துவக் கலையைத் தமிழ் தாங்கவல்லது என்பதைச் செய்துகாட்டியவர். வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பார் அவரே.

அமெரிக்காவிலே, மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரில் 1822ஆம் ஆண்டு பிறந்த இவர், நியூயோர்க்கில் மருத்துவம் பயின்று 1845இற் பட்டம் பெற்றார். 1847ஆம் ஆண்டு அமெரிக்க மிஷனைச் சார்ந்து யாழ்ப்பாணம் வந்து, முதலில் வட்டுக்கோட்டையிலும் பின்னர் மானிப்பாயிலும் பணிபுரிந்தார். சமயம் பரப்புதலே அவர் வந்த நோக்கம். அதனை நம் சைவப் பெரியோர் ஏற்றிலர். எனினும், அவர் தமிழுக்குச் செய்த தொண்டை மறத்தல் நன்றன்று.

1848 முதல் அவர் மாணவருக்கு மருத்துவம் கற்பித்தார். தொடக்கத்தில் ஆங்கிலமே போதனாமொழி. ஆங்கிலம் கற்ற வைத்தியர் பலர் உத்தியோகம் நாடி வெளியூர் செல்வதை அவர் கண்டார். 1857இல் தாயகம் சென்று 1862இல் மீண்ட பின்னர், 1864ஆம் ஆண்டளவில் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். அவரிடம் பயின்றோர் 60க்கு மேற்பட்டோர்; அவருள் 30க்கு மேற்பட்டோர் தமிழிற் பயின்றோராவர். மாணவர் தம் நடையுடை பாவனைகளை விடுத்து மேனாட்டாராய் மாறுவதை அவர் விரும்பினாரல்லர்.

கற்பிப்பதற்கு நூல் வேண்டுமே! மாணாக்கர் துணையுடன் நூல்களைத் தமிழாக்கினார். பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம், கெமிஸ்தம், மனுஷ சுகரணம் என அவை ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. தமிழ்ச்சொல் உண்டெனின் அதனையும், இன்றேல் வடசொல்லையும், அதுவும் இன்றேல் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு இயையத் திரித்தும் வழங்கினார். 1873இல் தாயகம் திரும்பிய பின்னரும் அப்பணியை விட்டாரல்லர். 1884ஆம் ஆண்டு வூஸ்ரரிலே காலமானார். தமிழர்க்கு மருத்துவராய் இருந்தமையைத் தம் கல்லறையிற் பொறிக்க வேண்டுமென்பது அவர் விருப்பம், அவ்வாறே பொறிக்கப்பட்டது.

1870இற் கொழும்பில் தோன்றிய மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்தையே கைக்கொண்டது. நாடு 1948இற் சுதந்திரமடைந்தது. 1956இற் சிங்களம் மட்டுமே அரசகரும மொழியாயிற்று. 1987இலேதான் தமிழும் அரசகரும மொழியென அரசியலமைப்பில் இடம்பெற்றது. பள்ளிகள் தாய்மொழிக்கு மாறின. மருத்துவப் பீடங்களோ மாறவில்லை. இந்தோனேசியா தன் பொதுமொழியிலேயே மருத்துவம் கற்பிக்கிறது. பன்மொழி நாட்டில் எம்மொழி ஆட்சி செய்யும் என்று வாதிட்டோர் பலர். அம்மொழியை அறிவுக்குத் தகுதியாக்க உழைத்தோர் சிலரே.

இதன் பயன் யாதெனின், ஓர் உதாரணம் கூறுவோம். முதுமையில் முன்னிற்குஞ் சுரப்பி, அதாவது புரொஸ்டேட், பருத்துச் சிறுநீரைத் தடுத்தல் உண்டு. கிறீன் காலத்தில் குழாய் செலுத்திச் சிறுநீர் கழிப்பித்தலே பெரும்பாலும் இதற்கு வழி. 1901இல் பிறேயர் என்னும் அறுவை வைத்தியர், வயிற்றைக் கீறிச் சிறுநீர்ப்பையின் வழியாக அச்சுரப்பியை அகற்றும் முறையை வெளியிட்டார். 1945இல் மிலின் என்பார், பையைத் திறவாது அதன் முன்புறத்தால் அகற்றும் முறையை வெளிப்படுத்தினார். இன்று பெரிதும் வழங்குவது, வெளியே வெட்டாது சிறுநீர் வழியிற் கருவி செலுத்திச் சுரண்டும் முறை. வெட்டும் முறை மிகப் பருத்த சுரப்பிக்கு ஏற்றது. ஆறுவதற்கு நாள் செல்லும். சுரண்டும் முறையில் விரைவில் வீடு செல்லலாம். சிலருக்கு மீண்டும் செய்ய நேரும். எதற்கு உடன்படுவது என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர் நோயாளரே. அவருக்கு விளங்கும் மொழியில் இவ்வேறுபாட்டை உரைக்காவிடின், அவர் இடும் கையொப்பம் வெறுங் கீறலேயன்றோ?

மருத்துவராகப் போகும் நம் மாணவர் ஆங்கிலத்தில் ஆழக் கற்க. கற்றதைத் தமிழில் எடுத்துரைக்கவும் பழகுக. ஒன்றரை நூற்றாண்டின் முன் அந்நியர் ஒருவர் தொடங்கிய பணி நம் கையிலே எஞ்சியுள்ளது.