விண்வழி கண்ட பள்ளி ஆசிரியர்

இரவு வானத்தை அண்ணாந்து நோக்கி வியவாத மனிதர் இலர். ஆயினும், அவ்வியப்போடு நின்றுவிடாமல், அங்குச் செல்வது எவ்வாறு, சென்றபின் அங்கு வாழ்வது எவ்வாறு என்று கணக்கிட்டுப் பார்த்தவர் மிகச் சிலரே. அச்சிலருள் முன்வைத்து எண்ணத்தக்கவர் கான்ஸ்டன்டின் சியால்கோவ்ஸ்கி என்னும் ருஷியப் பெரியார் ஆவார். அவர் பல்கலைக்கழகத்தில் பயின்றவர் அல்லர், செல்வம் படைத்தவரும் அல்லர், செவிப்புலனும் குன்றியவர். சிறு நகரங்களில் பிள்ளைகளுக்குக் கணக்குக் கற்பித்து வாழ்ந்த எளிய ஆசிரியர் அவர். ஆகாய விமானம் தோன்றுவதற்கு முன்னரே, பூமியை விட்டு வெளியேறி மக்கள் குடியேறும் வகையை அவர் ஆராயத் தொடங்கிவிட்டார்.

இளமையும் இடரும்

சியால்கோவ்ஸ்கி 1857-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 17-ஆம் நாள், ரியாசான் பகுதியில் உள்ள இஷெவ்ஸ்கோயே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் எட்வர்டு, காட்டிலாகாவில் பணிபுரிந்தவர். அன்னையார் பெயர் மரியா. பிள்ளைகள் பலர் நிறைந்த அக்குடும்பத்தில் வறுமைக்குக் குறைவில்லை.

சிறுவனுக்கு ஏறக்குறைய பத்து வயது நிரம்பிய பொழுது கடுங்காய்ச்சல் ஒன்று கண்டது. உயிர் பிழைத்தது, ஆனால் செவிகள் பெரும்பாலும் செயலிழந்தன. உடன் விளையாடிய சிறுவர்களின் பேச்சு விளங்கவில்லை. பள்ளியில் ஆசிரியர் கூறும் பாடமும் எட்டவில்லை. அந்நிலையில் மகனுக்குத் துணையாக இருந்து கற்பித்த அன்னையாரும் 1870-இல் காலமானார். சிறிது காலத்தில் பள்ளிப் படிப்பும் முறிந்தது.

ஒரு வாயில் அடைபட்டால் மற்றொரு வாயிலைத் தேடுவதே அறிவுடையார் இயல்பு. காது கேளாத சிறுவன் கண்ணையும் கையையும் நம்பினான். வீட்டில் இருந்த நூல்களைத் தானே படித்துப் பொருள் உணர்ந்தான். சிறு பொறிகளைத் தன் கையாலேயே செய்து இயக்கிப் பார்த்தான். மகனின் நுண்ணறிவைக் கண்ட தந்தையார், 1873-இல் அவனை மாஸ்கோ நகரத்திற்கு அனுப்பினார்.

நூலகமே பல்கலைக்கழகம்

மாஸ்கோவில் அவர் எக்கல்லூரியிலும் சேர்ந்திலர். பொது நூலகமே அவருக்குக் கல்லூரியாயிற்று. அங்குப் பணிபுரிந்த பியோதொரோவ் என்னும் அறிஞர், இளைஞரின் ஆர்வத்தைக் கண்டு நூல்களைத் தேடி எடுத்துக் கொடுத்து உதவினார். கணிதம், இயற்பியல், வேதியியல், வானநூல் ஆகியவற்றை மூன்று ஆண்டுகளில் அவர் தாமே பயின்றார். தந்தையார் அனுப்பிய சிறு தொகையில் பெரும்பகுதி நூல்களுக்கும் சோதனைப் பொருள்களுக்கும் செலவாயிற்று. எஞ்சிய காசுக்குக் கறுப்பு ரொட்டி வாங்கி, அதனையும் நீரையுமே உண்டு நாள் கழித்தார். உடல் மெலிந்தது, உள்ளம் தளரவில்லை. மகனின் நிலையைக் கேள்வியுற்ற தந்தையார் 1876-இல் அவரை ஊருக்கு அழைத்துக்கொண்டார்.

1879-இல் ஆசிரியர் தேர்வில் வெற்றி பெற்று, 1880-இல் போரோவ்ஸ்க் என்னும் சிறு நகரில் கணித ஆசிரியராக அமர்ந்தார். அவ்வாண்டிலேயே வர்வாரா என்னும் நங்கையை மணந்தார். 1892-இல் கலுகா நகரத்திற்கு மாற்றப்பெற்றார். அன்று முதல் வாழ்நாள் முடியும் வரை கலுகாவே அவருடைய ஊராயிற்று. மாணவர் பேசுவதைக் கேட்பதற்காகத் தகரத்தால் பெரிய ஊதுகுழல் போன்ற கருவியைத் தாமே செய்து, அதனைக் காதில் வைத்துக்கொள்வது அவர் வழக்கம். பகலெல்லாம் பள்ளிப் பணி. ஓய்வு நேரமெல்லாம் ஆராய்ச்சி. இவ்வாறு நாற்பது ஆண்டுகள் கழிந்தன.

தனிமையின் துன்பம்

அறிவுடையார் கூட்டத்தினின்றும் விலகி வாழ்வோர்க்கு ஒரு பெருந்துன்பம் உண்டு. பிறர் முன்னரே கண்டறிந்தது யாது என்பதை அவர் அறிய இயலாது. வாயுக்களின் இயக்கத்தைப் பற்றிச் சியால்கோவ்ஸ்கி அரிதின் முயன்று ஒரு கொள்கையை வகுத்துத் தலைநகரத்து அறிஞர் கழகத்திற்கு அனுப்பினார். அது பல ஆண்டுகளுக்கு முன்னரே பிறரால் கண்டறியப்பட்டது என்று விடை வந்தது. வேறொருவராயின் மனம் உடைந்திருப்பர். அவரோ, தம் தனி முயற்சியால் உண்மையை எட்ட முடிந்தது என்று எண்ணி ஊக்கம் கொண்டார்.

இயற்கையும் அவரைச் சோதித்தது. 1887-இல் நெருப்பு அவருடைய வீட்டை அழித்தது. நூல்களும் கையெழுத்துப் படிகளும் சாம்பலாயின. 1902-இல் மாஸ்கோவில் பயின்று வந்த மகன் இக்நாட்டி இளமையிலேயே இறந்தான். 1908-இல் ஓகா ஆறு பெருக்கெடுத்து வீட்டிற்குள் புகுந்து தாள்கள் பலவற்றைப் பாழாக்கியது. நெருப்பும் நீரும் அழித்தவற்றை அவர் மீண்டும் எழுதினார்.

கணக்கில் கண்ட வழி

துப்பாக்கிக் குண்டைப் போல மனிதரைப் பீரங்கியில் வைத்து விண்ணில் எறியலாம் என்று கதை எழுதியோர் உளர். அவ்வாறு திடீரென எறியப்படுவோர் அந்த அதிர்ச்சியிலேயே நசுங்கி இறப்பர். ஆதலால் படிப்படியாக விரைவு பெறும் ஊர்தியே வேண்டும். காற்றே இல்லாத வெளியில் அது இயங்கவும் வேண்டும். இவ்விரண்டிற்கும் பொருந்துவது ராக்கெட் ஒன்றே என்று சியால்கோவ்ஸ்கி தெளிந்தார்.

காற்று நிரப்பிய பலூனின் வாயைக் கட்டாமல் விட்டால், காற்று ஒரு பக்கம் வெளியேற, பலூன் மறுபக்கம் ஓடுவதைக் கண்டிருப்பீர்கள். ராக்கெட்டின் தத்துவமும் அதுவே. எரிபொருள் எரிந்து எழும் வாயு பின்னோக்கிப் பாய, ஊர்தி முன்னோக்கிச் செல்கிறது. எவ்வளவு எரிபொருளுக்கு எவ்வளவு விரைவு கிட்டும் என்பதை 1897-இல் அவர் ஒரு சமன்பாடாக வகுத்தார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது.

அச்சமன்பாடு ஒரு கடுமையான உண்மையை உணர்த்துகிறது. பாயும் வாயுவின் விரைவு நொடிக்கு 4 கிலோமீட்டர் என்று கொள்வோம். ஊர்தி நொடிக்கு 8 கிலோமீட்டர் விரைவு பெற வேண்டுமாயின், புறப்படும்பொழுது அதன் மொத்த எடை, எரிபொருள் தீர்ந்தபின் எஞ்சும் எடையைப் போல ஏழு மடங்கிற்கு மேல் இருத்தல் வேண்டும். 12 கிலோமீட்டர் விரைவிற்கோ இருபது மடங்கு வேண்டும். விரைவு சிறிது கூடினால் எரிபொருள் பன்மடங்கு கூடுகிறது. எனவே வெடிமருந்து போதாது. ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் திரவமாக்கிப் பயன்படுத்த வேண்டும் என்றார். 1929-இல் வெளியிட்ட நூலில், பல ராக்கெட்டுகளைத் தொடர்வண்டி போல இணைத்து, எரிந்து முடிந்தவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிவிடும் முறையையும் விளக்கினார்.

இவ்வாராய்ச்சியின் முதற்பகுதி 1903-இல் ஓர் இதழில் வெளிவந்தது. அதனைக் கவனித்தோர் மிகச் சிலர். இரண்டாம் பகுதி வெளிவர 1911 வரை காத்திருக்க நேர்ந்தது. அயலார் பலர் அவரைக் கனவு காண்பவர் என்று எள்ளினர். அவர் வாதிடவில்லை, கணக்கைத் தொடர்ந்து செய்தார்.

விண்ணில் குடியிருப்பு

விண்ணிற்குச் சென்று மீள்வது மட்டும் அவர் நோக்கமன்று. கதிரவன் வீசும் ஒளியில் ஏறக்குறைய இருநூறு கோடியில் ஒரு பங்கே பூமியின் மீது விழுகிறது. எஞ்சியது வெளியில் பரவிச் செல்கிறது. அவ்வாற்றலைப் பயன்படுத்தி மக்கள் பல்கிப் பெருகி வாழலாம் அன்றோ என்று அவர் எண்ணினார். மேலும், கதிரவனும் ஒருநாள் ஒளி குன்றும். அன்று மனித இனம் அழியாதிருக்க வேண்டுமாயின் பிற இடங்களிலும் அது வேரூன்றியிருத்தல் வேண்டும் என்பதும் அவர் கருத்து. பூமியைத் தொட்டிலாகவும் மனித இனத்தை அதில் வளரும் குழந்தையாகவும் அவர் கருதினார்.

1920-இல் வெளிவந்த அவருடைய கதைநூல் ஒன்றிலும், 1926-இல் அவர் வகுத்த பதினாறு படிகள் கொண்ட திட்டத்திலும் இக்கருத்துகள் விரிவாகக் காணப்படும். காற்றுப் புகாத உடைகள், பூமியைச் சுற்றி மிதக்கும் குடியிருப்புகள், கண்ணாடிக் கூரையின் கீழ்ப் பயிர்த்தோட்டங்கள் ஆகியவற்றை அவர் வருணித்தார். மனிதர் வெளிவிடும் கரியமில வாயுவைச் செடிகள் ஏற்கும்; செடிகள் தரும் ஆக்சிஜனை மனிதர் சுவாசிப்பர்; கழிவுகள் பயிருக்கு உரமாகும். இவ்வாறு ஒன்றையொன்று காக்கும் சிறு உலகம் அமைதல் வேண்டும் என்றார். குடியிருப்பைச் சுழலச் செய்தால் எடையின்மை நீங்கும் என்பதையும் எடுத்துக் காட்டினார்.

முதுமையில் கிட்டிய புகழ்

1921-இல் அரசாங்கம் அவருக்கு வாழ்நாள் உதவித்தொகை வழங்கியது. ஜெர்மன் மொழியில் 1923-இல் நூல் எழுதிய ஓபர்த் அவரோடு கடிதத் தொடர்பு கொண்டார். 1926-இல் அமெரிக்க அறிஞர் கோடார்டு திரவ எரிபொருள் ராக்கெட் ஒன்றை முதன்முதலாகப் பறக்கவிட்டார். வெவ்வேறு நாடுகளில் தனித்தனியே உழைத்த இவர்கள் ஒரே முடிவை எட்டியது, சியால்கோவ்ஸ்கியின் கணக்கிற்குச் சான்றாயிற்று. 1932-இல் அவருடைய எழுபத்தைந்தாம் ஆண்டு நிறைவு சிறப்பாகக் கொண்டாடப்பட்டது. 1935-ஆம் ஆண்டு செப்டம்பர் 19-ஆம் நாள் அவர் கலுகாவில் உயிர் நீத்தார். தம் ஆராய்ச்சிகள் அனைத்தையும் நாட்டிற்கே உரிமையாக்கிச் சென்றார். விண்ணைத் தொட்ட ராக்கெட் ஒன்றையேனும் அவர் கண்ணால் கண்டிலர்.

கனவும் நனவும்

அவர் மறைந்து இருபத்திரண்டு ஆண்டுகளில், 1957 அக்டோபர் 4-ஆம் நாள், முதல் செயற்கைத் துணைக்கோள் பூமியை வலம் வந்தது. 1961 ஏப்ரல் 12-இல் யூரி ககாரின் விண்ணில் பறந்தார். அவ்வாண்டிலேயே அவர் கலுகாவிற்குச் சென்று, சியால்கோவ்ஸ்கியின் பெயரால் எழவிருந்த காட்சிசாலைக்கு அடிக்கல் நாட்டினார். 1969 ஜூலையில் மனிதர் நிலவில் நடந்தனர். 2000-ஆம் ஆண்டு நவம்பர் முதலாகப் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் மனிதர் இடையறாது மாறி மாறித் தங்கி வருகின்றனர். 2015-இல் அங்கு விளைந்த கீரையையும் உண்டனர்.

ஆயின், வேற்றுக் கோளில் குடியேற்றம் கைகூடிவிட்டதா? இல்லை. செல்லத்தக்கதாகக் கருதப்படும் செவ்வாயிலும் இடர்கள் பல உள. அங்குள்ள காற்றின் அழுத்தம் பூமியில் உள்ளதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அதுவும் பெரும்பாலும் கரியமில வாயு. சராசரி வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே ஏறக்குறைய 60 டிகிரி. ஈர்ப்பாற்றல் பூமியினதில் நூற்றுக்கு 38 பங்கே. செல்வதற்கு ஏறக்குறைய ஏழு மாதங்கள் ஆகும். இடையில் கதிரியக்கம் உடலைத் தாக்கும். எடையற்ற நிலையில் நெடுநாள் இருப்போரின் எலும்புகள் வலுவிழத்தலையும் இன்றைய ஆராய்ச்சி காட்டியுள்ளது.

மூடிய சிறு உலகத்தை அமைப்பதும் எளிதன்று. அமெரிக்காவின் அரிசோனாவில் 1991-இல் எட்டுப் பேர், செடிகொடிகளோடு மூடப்பட்ட ஒரு பெருங்கூடத்தில் இரண்டாண்டுகள் வாழப் புகுந்தனர். ஆக்சிஜன் நூற்றுக்கு 21 பங்கிலிருந்து 14 பங்களவிற்குக் குறைந்தமையால், வெளியிலிருந்து அதனைச் செலுத்த வேண்டியதாயிற்று. எனினும் முயற்சி நிற்கவில்லை. 2021-இல் செவ்வாயில் இறங்கிய ஊர்தியில் இருந்த ஒரு சிறு கருவி, அங்குள்ள கரியமில வாயுவிலிருந்தே ஆக்சிஜனைப் பிரித்தெடுத்துக் காட்டியது. 2023 வரை அது எடுத்த அளவு 122 கிராம். மனிதர் ஒருவருக்கு ஒரு நாளைக்குக்கூட அது போதாது. ஆயினும் வழி உண்டு என்பதற்கு அது சான்று.

முடிவுரை

சியால்கோவ்ஸ்கியின் வாழ்க்கையிலிருந்து நாம் அறிவன இரண்டு. குறைபாடும் வறுமையும் அறிவு வேட்கையைத் தடுக்கமாட்டா என்பது ஒன்று. காற்று, நீர், மண், செடி என நாம் விலையின்றிப் பெறும் பொருள்களை வேறோரிடத்தில் அமைத்தல் எத்துணை அரிது என்பது மற்றொன்று. வேற்றுக் கோளில் வீடு கட்ட முனைவோர் பூமியாகிய பழைய வீட்டைப் பேணவும் கற்றல் வேண்டும். ஏனெனில், இன்று நமக்கு உள்ளது அவ்வீடு ஒன்றே. தாம் காணப்போகாத நாளுக்காகக் கலுகா ஆசிரியர் கணக்கிட்டுச் சென்றார். அவர் தொடங்கிய கணக்கு இன்னும் முடியவில்லை. அதனைத் தொடர்ந்து செய்யும் பொறுப்பு வருங்கால மாணவர்களுடையது.