வட்டுக்கோட்டை ஆசான் தானியேல் பூவர்

அந்நிய மொழியொன்றை வாசித்தல் வேறு; வாசித்ததைக் கிரகித்தல் வேறு. எழுத்தைக் கூட்டி, சொல்லை ஒலித்து, பக்கத்தை முடித்துவிடும் மாணாக்கனிடம் அப்பக்கம் கூறியது யாதென வினவினால் வாய் திறவாமை காண்கிறோம். நம் பரீட்சைத் தாள்களிலே கிரகித்தல் என்னும் பகுதி தனியே வைக்கப்பட்டிருப்பதும் இதனாலேயே. ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர் இன்று எதிர்கொள்ளும் இவ்விடர் யாழ்ப்பாணத்துக்குப் புதியதன்று. இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே இதனை நேர்நின்று எண்ணி, தமிழ்ப் பிள்ளைகள் ஆங்கிலத்தை எதற்காகக் கற்றல் வேண்டும், எவ்வாறு கற்றல் வேண்டும் என்பதற்கு ஒரு திட்டம் வகுத்தவர் தானியேல் பூவர் ஐயர். அவர் பெயரை நம்மவர் நன்கறிவர். அவர் எண்ணத்தையும் அதற்கு நேர்ந்த கதியையும் அறிந்தோர் சிலரே.

பூவர் 1789 ஆம் ஆண்டு அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாகாணத்து டான்வேர்ஸ் என்னும் ஊரிற் பிறந்தார். டாட்மத் கல்லூரியில் 1811 இல் பட்டம் பெற்று, அந்தோவர் இறையியற் கல்லூரியிற் பயின்று, குருப்பட்டம் ஏற்றார். அமெரிக்க மிஷன் சங்கத்தார் இலங்கைக்கென அனுப்பிய முதற் குழுவினருள் அவரும் ஒருவர். 1815 ஒக்டோபர் மாதம் நியூபரிப்போட் துறைமுகத்திலிருந்து திரையட் என்னும் பாய்க்கப்பல் புறப்பட்டது. அதில் மெக்ஸ், வாரன், றிச்சட்ஸ் முதலிய தோழரும் இருந்தனர். ஐந்து மாதக் கடற்பயணத்தின் பின், 1816 மார்ச் மாதம் கொழும்பை அடைந்தனர்.

அவ்வாண்டிலேயே பூவரும் வாரனும் தெல்லிப்பழையிலும், மெக்ஸும் றிச்சட்ஸும் வட்டுக்கோட்டையிலும் குடியேறினர். போர்த்துக்கேயர் காலத்துக் கோயிற் கட்டிடங்கள் பாழடைந்து கிடந்தன. அவற்றைச் செப்பனிட்டு வாழிடமும் பள்ளியுமாக்கினர். தெல்லிப்பழை யூனியன் கல்லூரி இன்றும் தன் தோற்றத்தை அந்த 1816 ஆம் ஆண்டிலிருந்தே கணிக்கின்றது. வந்த குழுவினரைக் காலம் பொறுத்திலது. வாரன் 1818 இலும் றிச்சட்ஸ் 1822 இலும் மறைந்தனர். பூவரின் மனைவியாராகிய சூசன் 1821 இல் தெல்லிப்பழையிலேயே உயிர்நீத்தார். துயரங்களுக்கிடையே பூவர் தமிழைக் கற்றார். அம்மொழியிலேயே பிரசங்கிக்கவும் உரையாடவும் வல்லவரானார்.

அவர் கண்ட யாழ்ப்பாணம் எழுத்தறியாத நாடன்று. திண்ணைப் பள்ளிகளிலே பிள்ளைகள் மணலில் எழுதி, ஏட்டில் வாசித்து, நிகண்டையும் நீதி நூல்களையும் மனனஞ் செய்து வந்தனர். மனனக் கல்வியை இகழ்தல் தகாது; நூல்கள் அருகியிருந்த காலத்தில் நினைவே நூலகமாயிற்று. முதலிற் பாடம், பின்னரே பொருள் என்பது அம்முறையின் வழக்கு. ஆனால் பொருள் சொல்லப்படும் பருவம் வருமுன்னரே பள்ளியை விட்டு நீங்கிய பிள்ளைகள் பலர். செய்யுள் வாயில் நிற்க, பொருள் கைக்கு எட்டாதிருந்த நிலையை மிஷனரிமார் கண்டனர். தாய்மொழியிலேயே இவ்வாறாயின், அந்நிய மொழியில் இது எத்துணைப் பெரிதாகும்! ஆங்கிலத்தையும் ஒலியளவிற் கற்பித்துவிட்டால், கிளிப்பிள்ளைகளே மிகுவர் அல்லவா?

தொடக்கத்தில் மிஷனார் விடுதிப் பாடசாலைகளை அமைத்தனர். உணவும் உடையும் உறைவிடமும் இலவசமாகத் தந்து பிள்ளைகளைப் பயிற்றினர். அமெரிக்க உபகாரிகள் செலவேற்றமையால் அவர்கள் சூட்டிய பெயர்களே பிள்ளைகளுக்கு இடப்பட்டன. நெவின்ஸ், கறோல், எவாட்ஸ் என்னும் பெயர்கள் சிதம்பரப்பிள்ளை, விசுவநாதபிள்ளை, கனகசபைப்பிள்ளை என்னும் பெயர்களோடு சேர்ந்து வழங்கியமைக்குக் காரணம் இதுவே. கல்வியோடு மதமும் வந்தது. மதத்தை வேண்டாத பெற்றோரும் கல்வியை வேண்டிப் பிள்ளைகளை அனுப்பினர். இந்த இரண்டக நிலையின் வடுவை யாழ்ப்பாணச் சமூகம் நெடுங்காலம் சுமந்தது.

1823 ஆம் ஆண்டு மிஷனார் ஒரு கல்லூரித் திட்டத்தை அச்சிட்டு வெளியிட்டனர். தமிழர் முதலிய இளைஞருக்குத் தமிழிலக்கியத்தையும் ஐரோப்பிய விஞ்ஞானத்தையும் ஒருங்கே கற்பிக்கும் உயர்கல்லூரி என்பது அதன் நோக்கம். அக்காலத் தேசாதிபதி சேர் எட்வேட் பாண்ஸ் அமெரிக்கரிடம் அன்பு பூண்டவரல்லர். புதிய அமெரிக்க மிஷனரிமார் இலங்கைக்கு வருதலை 1820 இலேயே தடுத்திருந்த அவர், கல்லூரிக்கு அங்கீகாரம் அளிக்கவும் மறுத்தார். கல்லூரி என்னும் பெயர் கிட்டாமையால் வேலை நிற்கவில்லை. வட்டுக்கோட்டையிலே மத்திய பாடசாலையாகத் தொடங்கிய அந்நிலையம் 1827 முதல் செமினரி எனப் பெயர் பெற்றது. மக்கள் அதனைச் சாஸ்திரசாலை என்றனர். அதன் முதல் அதிபர் பூவர். 1823 முதல் ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகள் அப்பதவியில் இருந்தார். பிரதம நீதியரசராயிருந்த சேர் றிச்சட் ஒற்லி காட்டிய ஆதரவின் நினைவாக ஒற்லி மண்டபம் அங்கு எழுந்தது.

அத்திட்டம் மொழிகளுக்கு வகுத்த இடமே நம் கருத்துக்கு முதன்மையானது. ஆங்கிலம் முதலிடம் பெற்றது. ஆனால் பேச்சின் பகட்டுக்காகவன்று. வானியல், கணிதம், வேதியியல், பூகோளம், உடற்கூற்றியல் முதலிய துறைகளின் நூல்கள் அன்று தமிழில் இருந்தில. அவற்றின் பொருளை எட்டும் வாயிலாக ஆங்கிலம் கருதப்பட்டது. அதன் அருகே தமிழ் வைக்கப்பட்டது. இலக்கணமும் இலக்கியமும் முறையாகக் கற்பிக்கப்பட்டன. தமிழ்ப் புலவர் ஆசிரியராயினர். தெரிந்தெடுத்த சிலருக்குச் சமஸ்கிருதமும் உண்டு. ஆங்கிலத்தில் அறிந்ததைத் தமிழிற் கூற இயலாதவன் அதனை முற்ற அறிந்தவனல்லன். தமிழை இகழ்ந்து ஆங்கிலம் கற்றவன் தன் மக்களுக்கு எதனையும் கொடுக்க வல்லவனல்லன். இத்திட்டத்தின் உட்கிடை இதுவென்றே கொள்ளல் தகும்.

இளைஞர் விடுதியில் தங்கிக் கற்றனர். கேத்திரகணிதமும் திரிகோணகணிதமும் பயின்றனர். அமெரிக்காவிலிருந்து வந்த கருவிகளைக் கொண்டு பௌதிகப் பரிசோதனைகளைக் கண்டனர். நூலிலே படித்த விதி கருவியிலே தொழிற்படக் காணும்பொழுது சொல் பொருளாகின்றது. வாசித்ததைக் கண்ணாற் காணச் செய்தல், கண்டதைத் தம் மொழியிற் சொல்லச் செய்தல் ஆகிய இவ்விரண்டினும் மேலான கிரகிப்புப் பயிற்சி ஆசிரியவுலகம் இதுகாறும் கண்டதில்லை.

இக்கல்வியின் பகிரங்கச் சோதனையொன்று 1829 ஆம் ஆண்டு வாய்த்தது. வட்டுக்கோட்டைக்கு அயலேயுள்ள அராலியில் விசுவநாத சாஸ்திரியார் என்னும் பஞ்சாங்க கணிதர் வாழ்ந்தார். குறவஞ்சி பாடிய புலவருமாகிய அவரை நாடு மதித்தது. அவ்வாண்டு மார்ச் மாதம் சந்திர கிரகணம் ஒன்று நிகழவிருந்தது. அது தொடங்கும் நேரம், மறைப்பின் அளவு, நீடிக்கும் காலம் ஆகிய மூன்றிலும் பஞ்சாங்கக் கணிப்புக்கும் ஆங்கில நூல் வழிக் கணிப்புக்கும் வேறுபாடு இருந்தது. பூவர் தம் கணிப்பை முன்னரே அறிவித்தார். குறித்த இரவில் மக்கள் வானை நோக்கி நின்றனர். கிரகணம் பூவர் கூறியவாறே நிகழ்ந்தது.

இந்நிகழ்ச்சியை மிஷனார் தம் மதத்துக்குக் கிடைத்த வெற்றியெனக் கொண்டனர். அது மிகை. சந்திரன் எம்மதத்தையும் சார்ந்ததன்று. தலைமுறை தலைமுறையாக வந்த வாய்பாடுகளைக் கொண்டு கிரகணத்தின் நாளைச் சாஸ்திரியார் சொன்னமையே பேராற்றலாகும். நெடுங்காலம் திருத்தம் பெறாத வாய்பாடு சிறிது பிழைத்தது. புதிதாக அவதானித்துத் திருத்திய வாய்பாடு பிழைக்கவில்லை. மாணாக்கர் கற்ற பாடம் இதுவே. ஆங்கில நூலையும் நம்பி ஏற்றல் வேண்டா. வானத்தைப் பார்த்து ஒப்புநோக்குக என்பதே அவ்விரவு புகட்டிய பாடம். கிரகணம் என்னும் சொல்லும் கிரகித்தல் என்னும் சொல்லும் பற்றுதல் என்னும் ஒரே வேரிற் பிறந்தவை. அவ்விரவில் வானத்திலே சந்திரன் பற்றப்பட்டது. வட்டுக்கோட்டை மாணாக்கர் உள்ளத்திலே பொருள் பற்றப்பட்டது. பூவருக்குப் பின் 1836 இல் அதிபரான ஹொய்சிங்ரன் நம் நாட்டுச் சோதிட கணிதத்தையே ஊன்றிக் கற்று, அத்துறை நூலை ஆங்கில மொழிபெயர்ப்போடு 1848 இல் வெளியிட்டமையும் இங்கு நினைக்கத்தக்கது. கற்பித்தவரும் கற்றனர்.

1836 இல் பூவர் மதுரைக்குச் சென்றார். அங்கே அமெரிக்க மிஷனின் பள்ளிகளைப் பெருக்குவதில் ஐந்து ஆண்டுகள் உழைத்து, 1841 இல் யாழ்ப்பாணம் மீண்டார். 1848 இல் தாய்நாடு சென்று, ஊர்தோறும் யாழ்ப்பாணத்து வேலையைப் பற்றி எடுத்துரைத்தார். தெல்லிப்பழையிற் பிறந்த மகன் தானியேல் வாரன் பூவர் அமெரிக்காவிலே குருவாக விளங்கினார். முதுமையில் அங்கேயே அமைதியாக இருந்திருத்தல் கூடும். ஆயினும் அவர் 1850 அளவில் மீண்டும் கப்பலேறி வந்து மானிப்பாயில் அமர்ந்தார்.

இதற்கிடையே செமினரியின் ஆங்கிலம் வேறொரு வழியில் ஓடத் தொடங்கியிருந்தது. 1833 இன் பின் துரைத்தன உத்தியோகங்களுக்கு ஆங்கிலம் அறிந்தோர் பெரிதும் வேண்டப்பட்டனர். வட்டுக்கோட்டையிற் கற்றோர் இலங்கையின் கச்சேரிகளிலும் இந்தியாவின் அலுவலகங்களிலும் எளிதில் இடம் பெற்றனர். சாத்திரத்தின் வாயிலாக அமைந்த மொழி சம்பளத்தின் வாயிலாகவும் மாறிற்று. பிள்ளைகளைக் குறைகூறுதல் நியாயமன்று. வறண்ட மண்ணில் வாழும் குடும்பத்துக்கு மாதச் சம்பளம் பெரும் ஆறுதல். ஆனால் ஊழியர் வேண்டிப் பொருள் செலவிட்ட மிஷன் சங்கத்தாருக்கு இது உவப்பாயில்லை. சங்கத்தின் செயலாளர் றூபஸ் அண்டர்சன், தாய்மொழிக் கல்வியே திருச்சபைக்கு உகந்ததெனக் கொண்டவர். அவரும் தொம்சனும் தூதுக்குழுவாக 1855 இல் யாழ்ப்பாணம் வந்தனர். அவ்வாண்டிலேயே செமினரி மூடப்பட்டது.

அந்நாளைக் காணப் பூவர் இருந்திலர். 1855 பெப்ரவரி மாதத் தொடக்கத்தில் மானிப்பாயில் வாந்திபேதி நோய்க்கு இரையானார். முப்பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் தம்மோடு வந்தோர் பெரும்பாலும் மறைய, தாம் நட்ட மரம் வெட்டுண்பதற்குச் சில மாதங்கள் முன்னரே அவரும் மறைந்தார்.

மரம் வெட்டுண்டது, வித்துக்கள் முன்னரே சிதறியிருந்தன. 1841 இல் உதயதாரகைப் பத்திரிகை தோன்றியபொழுது அதன் ஆசிரியர்களாகிய ஹென்றி மாட்டினும் சேத் பேசனும் செமினரியின் மாணாக்கரே. நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை தமிழில் நியாய இலக்கணம் இயற்றினார். கறோல் விசுவநாதபிள்ளை வீசகணிதம் எழுதினார். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை பாவலர் சரித்திர தீபகம் தந்தார். 1857 இல் சென்னைச் சர்வகலாசாலை முதன்முதலாகப் பட்டப் பரீட்சை நடத்தியபோது தேறிய இருவர் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் ஆவர். இருவரும் வட்டுக்கோட்டையிற் கற்றவர். மூடப்பட்ட பள்ளியின் பிள்ளைகள் அதற்கு அளித்த நற்சாட்சி அது. பின்னாளில் தாமோதரம்பிள்ளை ஏட்டுச்சுவடிகளைத் தேடி, பாடங்களை ஒப்புநோக்கிக் கலித்தொகை முதலிய நூல்களை அச்சேற்றினார். ஒரு நூலை மேலெழுந்தவாரியாக வாசிக்காமல், ஐயுற்று, ஒத்துப்பார்த்துத் தெளியும் உள்ளம் அவருக்கு வாய்த்திருந்தது. அதில் தமிழ்ப் புலமையின் பங்கும் உண்டு. சாஸ்திரசாலையின் பங்கும் உண்டு.

ஆசியாவின் பிற நாடுகளிலும் இதே வினா எழுந்தது. சீனப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் மொறிசன் பாடசாலை மக்காவோவில் 1839 இல், வட்டுக்கோட்டைக்குப் பதினாறு ஆண்டுகள் பின்னரே, தொடங்கிற்று. அதில் ஓர் அமெரிக்கரிடம் பயின்ற யுங் விங் என்பார் 1854 இல் யேல் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்றார். பின்னர் 1872 முதல் நூற்றிருபது சீனச் சிறுவரை அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்பும் முயற்சிக்கு முன்னின்றார். இன்று சீனத்து உயர்நிலைப் பள்ளி மாணாக்கர் பல்கலைக்கழகம் புக எழுதும் பரீட்சையில், ஆங்கிலப் பந்திகளை வாசித்து வினாக்களுக்கு விடை தெரிதல் பெரும் பகுதியாகும். அங்கும் ஆசிரியரின் கவலை நம் கவலையே: விடையைத் தெரிந்தவன் பொருளைத் தெரிந்தவன்தானா?

பூவரைப் புகழுங்கால் மறைக்கத்தகாதது ஒன்றுண்டு. அவர் வந்தது மதம் பரப்புதற்கு. கல்வி அதற்குத் துணைக்கருவி. அக்கல்வியின் விலையாகச் சமயத்தைக் கேட்ட முறையை எதிர்த்தே ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அவ்வெதிர்ப்பு நியாயமானது, அதனால் விளைந்த நன்மையும் பெரிது. செமினரி மூடப்பட்ட பின் ஊர்மக்கள் விடாது வேண்டினர். 1872 இல் அதே வட்டுக்கோட்டை வளவில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. மதத்தை ஏலாதோரும் பூவரின் கல்விக் கொள்கையை விட்டுவிட விரும்பவில்லை என்பதற்கு அக்கல்லூரியும், பின்னர்ச் சைவர் தாமே நிறுவிய ஆங்கிலக் கல்லூரிகளும் சான்று.

செமினரியை மூடியவர் ஆங்கிலமா தமிழா என வினாவி ஒன்றை நீக்கினர். பதவிக்கென ஆங்கிலம் கற்றோர் மற்றதை நீக்கினர். பூவர் வகுத்த திட்டம் இரண்டையும் ஒரே மாணாக்கன் உள்ளத்தில் இணைக்க முயன்றது. ஆங்கிலப் பந்தியொன்றை வாசித்த மாணாக்கன் நூலை மூடிவிட்டு, அதன் பொருளைத் தன் தாய்க்குத் தமிழில் எடுத்துரைப்பானாயின், அவன் கிரகித்தவன். வகுப்பறையில் இச்சோதனைக்குச் செலவில்லை, கருவியும் வேண்டியதில்லை. வட்டுக்கோட்டையில் இருநூறு ஆண்டுகளுக்கு முன் இடப்பட்ட அத்திவாரத்தின்மேல் ஆசிரியர் எவரும் இன்றே கட்டத் தொடங்கலாம்.