நௌஷேராவின் சிங்கம் பிரிகேடியர் முகம்மது உஸ்மான்

கோலசிலாங்கூர், தஞ்சோங் காராங், பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரங்களில் கடை நடத்திய நம் பெரியவர்கள் இந்தியப் பட்டாளத்தைப் பற்றி இரண்டு சந்தர்ப்பங்களைச் சொல்வதுண்டு. ஒன்று, 1942 ஜனவரி முதல் வாரத்தில் கடல் மார்க்கமாக வந்த ஜப்பானியரை அது இந்தக் கரையோரத்தில் எதிர்த்து நின்றது. மற்றது, 1945 செப்டம்பர் 9ந் தேதி 25வது இந்திய டிவிஷன் மோரிப் கரையில் இறங்கியது. அந்த டிவிஷனில் பர்மா யுத்தத்தின்போது சேர்ந்திருந்த பட்டாளங்களில் ஒன்று, பத்தாவது பலூச் ரெஜிமெண்டின் 16வது பட்டாளம். 1945 ஏப்ரல் தொடங்கி ஓராண்டு காலம் அதற்குத் தலைமை வகித்தவர் மர்ஹூம் முகம்மது உஸ்மான் அவர்கள். அன்னாரைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறோம்.

ஐக்கிய மாகாணத்து ஆஸம்கர் ஜில்லாவில் பீபிபூர் என்னும் ஊரில் 1912 ஜூலை 15ந் தேதி பிறந்தார். தந்தையார் காஸி முகம்மது பாரூக், காசி நகரத்துப் போலீஸ் கோத்வால். மகனையும் போலீஸிலேயே சேர்த்துவிட வேண்டுமென்பது தந்தையாரின் ஆசை. உஸ்மானுக்கோ இளமையில் திக்குவாய். தந்தையார் அவரைத் தம் மேலதிகாரியான ஆங்கிலேயரிடம் அழைத்துப் போனாராம். அந்தத் துரைக்கும் திக்குவாய்! பையன் தம்மைப் பரிகாசம் செய்கிறான் என்று துரை கோபித்துக்கொள்ள, போலீஸ் உத்தியோகம் அத்தோடு போயிற்று என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். பன்னிரண்டு வயதில், கிணற்றில் விழுந்த ஒரு குழந்தையைத் தாமும் உள்ளே குதித்துக் காப்பாற்றியவர் அவர். போலீஸுக்கு நஷ்டம், ராணுவத்துக்கு லாபம்.

1932ல் இங்கிலாந்து சென்று ஸாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் பயின்றார். 1934ல் அதிகாரியானார். மறு வருஷம் பலூச் ரெஜிமெண்டில் சேர்ந்து, எல்லைப்புறத்திலும் பின்னர் பர்மாவிலும் பணியாற்றினார்.

1947 வந்தது. நாடு இரண்டாயிற்று, ராணுவமும் இரண்டாயிற்று. பலூச் ரெஜிமெண்ட் பாகிஸ்தானுக்குப் போயிற்று. முஸ்லிம் அதிகாரிகளில் மிகப் பலரும் அவ்வழியே சென்றனர். உஸ்மானையும் அழைத்தார்கள். ஜனாப் ஜின்னாவும் லியாகத் அலிகானுமே சொல்லியனுப்பினார்கள் என்றும், நாளடைவில் தளபதிப் பதவியே கிடைக்கும் என்று ஆசை காட்டப்பட்டது என்றும் அவர் வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். அவர் இசையவில்லை. பிறந்த மண்ணிலேயே இருந்துவிட்டார். டோக்ரா ரெஜிமெண்டுக்கு மாற்றப்பட்டார்.

நம் வாசகர்களுக்கு இதன் கனம் விளங்கும். 1957ல் இந்நாடு சுதந்திரம் பெற்ற சமயத்தில், இங்கே பிரஜா உரிமை பெறுவதா, ஊருக்குத் திரும்பிவிடுவதா என்று நம்மில் எத்தனை குடும்பங்கள் இரவு பகலாக யோசித்தன! நமக்கு யோசிக்கச் சில வருஷங்களாவது இருந்தன. உஸ்மானுக்குச் சில வாரங்களே இருந்தன. அதுவும் ரத்தம் ஓடிய வாரங்கள். ஒருவரை மற்றவர் சந்தேகித்த காலம். அவர் பன்னிரண்டு வருஷம் உண்டு உறங்கி வளர்ந்த ரெஜிமெண்ட் இப்போது எல்லைக்கு அப்பால் இருந்தது.

1947 டிசம்பரில் காஷ்மீர்ப் போர்முனையில் 50வது பாராசூட் பிரிகேடின் தலைமை அவரிடம் வந்தது. அம்மாதம் 25ந் தேதி ஜாங்கர் கைவிட்டுப் போயிற்று. மீர்ப்பூரிலிருந்தும் கோட்லியிலிருந்தும் வரும் பாதைகள் கூடும் இடம் அது. அதை மீட்கும்வரை கட்டிலில் படுப்பதில்லை என்று சபதம் செய்தார் உஸ்மான். அந்த மலைநாட்டுக் குளிர்காலத்தில் தரையில் பாய் விரித்துப் படுத்தார்.

1948 பிப்ரவரி 6ந் தேதி விடியற்காலையில் நௌஷேராவைச் சுமார் 11,000 பேர் வளைத்துத் தாக்கினர். நௌஷேரா நிலைத்தது. இதன் பிறகுதான் அவரை நௌஷேராவின் சிங்கம் என்று அழைக்கலாயினர். எதிர்த் தரப்பில் அவர் தலைக்கு 50,000 ரூபாய் விலை வைத்தார்கள். அந்தக் காலத்து ஐம்பதினாயிரம் என்றால் என்ன என்பதை வியாபாரிகளுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

நௌஷேராவில் ஆதரவற்றுத் திரிந்த சிறுவர்களை அவர் ஒன்று சேர்த்து, உணவும் படிப்பும் பயிற்சியும் கொடுத்தார். பால சேனை என்று பெயர். சண்டை நடக்கும்போது இச்சிறுவர்கள் செய்தி கொண்டு ஓடினார்கள். மூவருக்குப் பிரதமர் நேரு தங்கக் கடிகாரம் அளித்தார். உஸ்மான் மது அருந்தியதில்லை, மணம் செய்துகொள்ளவுமில்லை. தம் சம்பளத்தில் பெரும் பகுதியை ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கே செலவிட்டார். போர்க்களத்தில் பெற்ற வெற்றிகளைவிட நமக்கு இதுவே பெரிதாகப் படுகிறது.

மார்ச் 18ந் தேதி ஜாங்கர் மீட்கப்பட்டது. பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு கட்டில் வந்தது. அன்றிரவு பிரிகேடியர் அதில் படுத்தார்.

ஜூலை 3ந் தேதி மாலை ஜாங்கரில் பீரங்கிக் குண்டுகள் விழத் தொடங்கின. அதிகாரிகள் ஒரு பாறையின் அடியில் ஒதுங்கினர். உஸ்மான் வெளியே வந்த தருணத்தில் ஒரு குண்டு அருகில் விழுந்து வெடித்தது. முப்பத்தாறு வயது நிறையப் பன்னிரண்டு நாட்கள் இருந்தன. அந்தப் போரில் உயிர் நீத்த இந்திய அதிகாரிகளில் அவரே பதவியில் மிக உயர்ந்தவர்.

மையித்தை டில்லிக்குக் கொண்டு வந்தார்கள். பதவியேற்று இரண்டு வாரங்களே ஆகியிருந்த கவர்னர் ஜெனரல் ராஜாஜியும் பிரதமர் நேருவும் இறுதி மரியாதையில் கலந்துகொண்டனர். சேலம் ஜில்லாவில் பிறந்த ஒரு தமிழர், ஆஸம்கரில் பிறந்த ஒரு முஸ்லிம் வீரருக்கு இந்திய தேசத்தின் சார்பில் மரியாதை செலுத்தினார். ஜாமியா மில்லியா இஸ்லாமியாவின் மண்ணில் அடக்கம் நடந்தது. யுத்தகால வீரத்துக்கு அந்நாடு வழங்கும் இரண்டாவது பெரிய விருதான மகா வீர் சக்கரம், மறைவுக்குப் பின் அவருக்கு அளிக்கப்பட்டது.

2020 டிசம்பரில் அவருடைய கப்ரின் மேற்கல் உடைந்து கிடப்பதாகப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. ராணுவத்தார் அதைச் செப்பனிட்டார்கள். ஜாங்கரில் அவர் வீழ்ந்த பாறையருகே ஒரு நினைவுச் சின்னம் நிற்கிறது.