துப்பாக்கிக் குண்டின் வேகத்தை அளந்தவர்!



தொலைக்காட்சியில் கிரிக்கெட் பார்க்கும்போது, பந்து மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வந்தது என்று திரையில் காட்டுகிறார்கள் அல்லவா? ரேடார் கருவி அதை நொடியில் அளந்துவிடுகிறது. மின்விளக்குகூட இல்லாத காலத்தில், கண்ணுக்கே தெரியாமல் பறக்கும் துப்பாக்கிக் குண்டின் வேகத்தை ஒருவர் அளந்து காட்டினார். அவர் பெயர் பெஞ்சமின் ராபின்ஸ். அவர் உயிர் பிரிந்த இடம் எது தெரியுமா? நம் கடலூர்!

ராபின்ஸ் 1707ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பாத் என்ற ஊரில் பிறந்தார். ஏழைக் குடும்பம். பெற்றோர், போரே கூடாது என்று சொல்லும் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். கணிதத்தை அவர் பெரும்பாலும் தாமாகவே படித்துத் தேர்ந்தார். லண்டன் சென்று, மாணவர்களுக்குக் கணிதம் கற்பித்துப் பிழைத்தார். 20 வயதிலேயே புகழ்பெற்ற ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றுக்கொண்டது.

1741இல், வூல்விச் நகரின் ராணுவப் பள்ளியில் ஆசிரியர் பணிக்கு முயன்றார். வேலை கிடைக்கவில்லை. அதற்காக அவர் தயாரித்திருந்த பாடக் குறிப்புகள் வீணாகிவிட்டனவா? இல்லை! அவற்றை விரிவாக்கி, 1742இல் பீரங்கிக் கலை பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அந்த நூலே அவருக்கு நிலையான புகழைத் தந்தது.

அதில் அப்படி என்ன புதுமை? குண்டின் வேகத்தை அளக்கும் ஊசல்தான்!

நீங்கள் ஊஞ்சல் ஆடியிருப்பீர்கள். மெல்லத் தள்ளினால் சிறிது தூரம் போகும். வேகமாகத் தள்ளினால் உயரப் போகும். ராபின்ஸ், கனமான இரும்புத் தகட்டில் கெட்டியான மரப்பலகையைப் பொருத்தி, ஊஞ்சல்போலத் தொங்கவிட்டார். அதன் அடியில் ஒரு நாடாவைக் கட்டினார். பலகையை நோக்கித் துப்பாக்கியால் சுட்டார். குண்டு மரத்தில் புதைந்தது. ஊசல் பின்னால் நகர்ந்தது. நாடாவும் கூடவே இழுபட்டது. எவ்வளவு நீளம் இழுபட்டது என்று அளந்தால், ஊசல் எவ்வளவு வேகமாகக் கிளம்பியது என்று கணக்கிடலாம்.

சரி, குண்டின் வேகம் எப்படித் தெரியும்? ஓர் உதாரணம் பாருங்கள். குண்டைப்போல 499 மடங்கு எடையுள்ள கட்டை ஒன்று தொங்குகிறது. குண்டு புதைந்ததும் மொத்த எடை 500 மடங்கு ஆகிவிடும். அதனால் வேகம் 500இல் ஒரு பங்காகக் குறையும். கட்டை விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் கிளம்பினால், குண்டு விநாடிக்கு 500 மீட்டர் வேகத்தில் வந்தது என்று பொருள். பெரிய வகுப்பில் உந்த அழிவின்மை விதி என்று படிப்பீர்களே, அதுதான் இது!

இப்படி அளந்ததில், குண்டு விநாடிக்கு 1,600 அடிக்கும் மேல் பாய்ந்தது தெரிந்தது. மருந்தின் அளவை மாற்றி மாற்றிச் சுட்டு, வேகம் எப்படி மாறுகிறது என்றும் பார்த்தார்.

பிறகு துப்பாக்கியைத் தள்ளிவைத்துச் சுட்டார். ஊசல் முன்புபோல ஆடவில்லை! வழியிலேயே காற்று குண்டின் வேகத்தைக் குறைத்துவிட்டது. கனமான குண்டைக் காற்று என்ன செய்துவிடும் என்று அதுவரை பலரும் நினைத்திருந்தார்கள். அந்த வேகத்தில் காற்றின் தடை, குண்டின் எடையைப்போல நூறு மடங்குக்கும் மேல் இருப்பதை ராபின்ஸ் கணக்கிட்டுக் காட்டினார். பல நாள் நம்பிக்கை, ஒரு நாடாவின் முன் தோற்றுப்போனது!

ஜெர்மனியில் இருந்த மாமேதை ஆய்லர் இந்த நூலை 1745இல் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். சில ஆண்டுகளுக்கு முன்புதான் ஆய்லரின் நூலை ராபின்ஸ் கடுமையாகக் குறை கூறியிருந்தார். அப்படியிருந்தும் நல்ல நூலை நல்ல நூல் என்றே ஏற்றார் ஆய்லர். பெரியவர்களின் பண்பைப் பார்த்தீர்களா? 1746இல் ராபின்ஸுக்கு ராயல் சொசைட்டியின் காப்லி பதக்கம் கிடைத்தது.

1749இல் கிழக்கிந்தியக் கம்பெனி அவரைத் தலைமைப் பொறியாளராக நியமித்தது. 1750இல் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் உள்ள புனித டேவிட் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். அந்தக் கோட்டையையும் சென்னைக் கோட்டையையும் பலப்படுத்தத் திட்டங்கள் வரைந்தார். ஆனால் காய்ச்சல் அவரை விடவில்லை. 1751 ஜூலை 29ஆம் நாள், 44 வயதில் காலமானார். அவருக்கு மனைவி மக்கள் இல்லை. அவர் வந்து இறங்கிய கோட்டையும் 1758இல் பிரெஞ்சுக்காரர்களால் இடிக்கப்பட்டது.

அவருடைய ஊசல் மட்டும் நெடுங்காலம் வாழ்ந்தது. பின்னர் மின்சாரத்தால் இயங்கும் கருவிகள் வந்தன. இன்று துப்பாக்கிச் சுடும் போட்டிக்காகத் தோட்டா தயாரிப்பவர்கள் குரோனோகிராப் என்ற கருவியை வைத்துக்கொள்கிறார்கள். அதில் இரண்டு ஒளி உணரிகள் இருக்கும். முதலாவதைக் கடந்த குண்டு இரண்டாவதைக் கடக்க எவ்வளவு நேரம் ஆனது என்று கருவி பார்க்கும். தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம்! ஒவ்வொரு தோட்டாவும் ஒரே வேகத்தில் பாய்ந்தால்தான் குறி பிசகாது.

போரை வெறுத்த குடும்பத்தில் பிறந்தவரின் அறிவு, போருக்குப் பயன்பட்டதே என்று உங்களுக்கு வருத்தம் வரலாம். நியாயமான வருத்தம்தான். ஆனால் காற்றின் தடையை அளக்க அவர் அமைத்த சுழலும் கரம் என்ற இன்னொரு கருவியை நினைத்துப் பாருங்கள். அதே முறையில்தான் ஜார்ஜ் கேய்லி என்பவர் 1804இல் இறக்கைகளைச் சோதித்தார். விமானம் பிறக்க அது வழிகாட்டியது. அறிவு ஒன்றுதான், அதை எதற்குப் பயன்படுத்துவது என்பது நம் கையில் இருக்கிறது.

செல்வங்களே, எல்லோரும் சொல்கிறார்கள் என்பதற்காக ஒன்றை நம்பிவிடாதீர்கள். ராபின்ஸைப்போல அளந்து பாருங்கள்! கடலூர்க் கடற்கரைக்குப் போனால் அவரை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்!