பனாரசிதாசரும் கள்வர் தலைவனும்

பொன்னூர் மலையோடு சேர்த்து நாம் வணங்கிப் போற்றும் குந்தகுந்த ஆசாரியரின் சமயசாரத்தை, அமிர்தசந்திரரின் உரைவழி நின்று, வட நாட்டு மக்கள் பேசிய மொழியில் ‘சமயசார நாடகம்’ என 1636-இல் பாடித் தந்தவர் கவிஞர் பனாரசிதாசர். 1641-இல், தமது 55ஆம் வயதில், தம் வாழ்க்கையையே 675 செய்யுட்களில் எழுதினார். மனிதனின் முழு ஆயுள் 110 ஆண்டு எனக் கொண்டு, பாதிக் கதை என்னும் பொருளில் அதற்கு ‘அர்த்த கதானகம்’ எனப் பெயரிட்டார். தம் குறைகளை ஒளிக்காமல் எழுதிய அந்நூலில், கள்வர் ஊரில் கழிந்த ஓர் இரவும் இடம்பெற்றுள்ளது.

1586-இல் ஜௌன்பூரில், ஸ்ரீமால் குலத்து வணிகர் கரக்சேனரின் மகனாய்ப் பிறந்தவர் இவர். முதலில் இட்ட பெயர் விக்கிரமாஜித். காசியில் பார்சுவநாதரை வழிபடச் சென்றபோதே பனாரசி என்னும் பெயர் அமைந்தது. இவர் சிறுவராயிருந்த காலத்தில், ஜௌன்பூரை ஆண்ட அதிகாரி கிலிஜ்கான், கேட்ட பொருள் கிடைக்காத சினத்தால் நகரின் இரத்தின வணிகரைக் கட்டிவைத்துச் சவுக்கால் அடித்தான். வணிகர் குடும்பத்தோடு ஊரைவிட்டு ஓடினர். காக்க வேண்டிய கையே பறிக்கும் கையாவதை இளமையிலேயே கண்டவர் நம் கவிஞர்.

வணிகத்தில் அவருக்குத் திறமை வாய்க்கவில்லை. ஆக்ராவில் கைமுதல் முழுவதையும் இழந்தார். அந்நாளில் கச்சோரி விற்கும் ஒருவர் பல மாதங்கள் கடனாகவே உணவளித்தார். எழுத்தும் சாட்சியும் இல்லாத அந்தக் கடன் 14 ரூபாயை, கையில் பொருள் வந்ததும் பனாரசிதாசர் தீர்த்துவிட்டார்.

பின்னொரு முறை துணைவர் இருவருடன் வணிகத்தின் பொருட்டுக் கிழக்கு நோக்கிப் பயணமானார். நிலவொளியை விடியல் என மயங்கி நள்ளிரவிலேயே புறப்பட்டனர். வழி தவறிக் காட்டினுள் புகுந்ததும், சுமைக் கூலியாள் அஞ்சிச் சுமையைப் போட்டுவிட்டு ஓடிவிட்டான். மூவரும் அதனை மாறி மாறிச் சுமந்து ஓர் ஊரை அடைந்தனர். அது கள்வர் வாழும் ஊர்! யார் என அதட்டிய குரலுக்கு, பனாரசிதாசர் அந்தணரைப் போல ஒரு வடமொழிச் சுலோகம் சொல்லி வாழ்த்தினார். கள்வர் தலைவன் பணிந்து வணங்கித் தன் இடத்தில் தங்கச் செய்தான். அச்சம் நீங்காத மூவரும் இரவோடு இரவாக நூலை முறுக்கிப் பூணூலாக்கி அணிந்து, மண்ணைக் குழைத்து நெற்றியில் திலகமிட்டுக்கொண்டனர். பொழுது விடிந்ததும் தலைவன் தானே வந்து, பத்தேபூர் செல்லும் வழியைக் காட்டி அனுப்பினான். ஒரு பொருளும் குறையவில்லை.

இதனோடு மற்றொரு நிகழ்ச்சியையும் வைத்துப் பார்க்க வேண்டும். பிறிதொரு பயணத்தில், உடன்வந்த அந்தணர் ஒருவர் வழியிலிருந்த ஓர் ஊரில் நாணயம் மாற்றினார். நாணய வணிகரின் ஆள், அந்தணரிடமிருந்த நல்ல காசுகளைச் சோதிப்பதாக வாங்கிப் போலிக் காசுகளை மாற்றி வைத்து, இவர்கள் கள்ள நாணயக்காரர் என அதிகாரிகளிடம் முறையிட்டான். விடிவதற்குள் பயணிகள் 19 பேருக்கும் 19 கழுமரங்கள் வந்து சேர்ந்தன. அருகிலிருந்த ஊரில் பனாரசிதாசருக்கு உறவினர் உண்டு எனத் தெரிந்த பின்னரே உயிர் பிழைத்தனர்.

கள்வர் ஊரில் அடைக்கலம் கிடைத்தது. கடைத்தெருவில் கழுமரம் காத்திருந்தது. நாம் வகுப்பறையில் இதனைக் கூறியபோதெல்லாம், அப்படியானால் கள்வரே மேலானவரா என மாணவியர் கேட்பதுண்டு. கேட்க வேண்டிய கேள்விதான்.

அக்கள்வரிடம் ஒரு நெறி இருந்தது. அந்தணரைத் தொடலாகாது, அடைக்கலம் புகுந்தவரைக் காட்டிக்கொடுக்கலாகாது என்பதில் அவர்கள் தவறவில்லை. அந்த அளவில் அவர்களைப் பாராட்டலாம். ஆயினும் அன்றிரவு அம்மூவரும் தாம் வணிகர் என உண்மை கூறியிருந்தால் என்னவாகியிருக்கும்? அஞ்சி அஞ்சிப் பூணூல் முறுக்கிய அவர்களின் கைகளே விடை கூறும். ஆளைப் பார்த்து அளிக்கும் அறம் பாதி அறம். நம் அணுவிரதங்களுள் ஒன்றாகிய கள்ளாமை, பொருளுக்கு உரியவன் யார் எனப் பார்ப்பதில்லை. எவர் பொருளாயினும் கொடாததைக் கொள்ளாமையே அது.

உயிரைக் காக்கச் சொன்ன பொய்யையும் பனாரசிதாசர் மறைக்கவில்லை. பொய்யாமையை விரதமாகக் கொண்ட குலத்தில் பிறந்தவர், தாம் அணிந்த வேடத்தைத் தாமே உலகறிய எழுதிவைத்தார். கள்வனின் நற்பண்பையும் தம் குறையையும் ஒரே ஏட்டில் பதித்த நேர்மை அவருடையது.

மும்முறை மணந்து, பிறந்த 9 மக்களையும் இழந்த துயரத்திலும் அவர் எழுத்தைக் கைவிடவில்லை. பாதிக் கதை எழுதியபின் நெடுநாள் வாழவுமில்லை. எஞ்சிய பாதியை நாம் நம் வாழ்வில் எழுதலாம். தராசைக் கையில் எடுக்கும்போதும், கடன் வாங்கும்போதும், அயலார் நம் வாயிலில் நிற்கும்போதும், நமது அறம் முழு அறமா, பாதி அறமா என எண்ணிப் பார்ப்போமாக.