தலை மாறிய பாட்டு

சிலாபத்திலிருந்து கிழக்கே ஏறத்தாழ இரண்டு மைல் தொலைவில் இருப்பது முன்னேஸ்வரம். வடிவாம்பிகை உடனுறை முன்னைநாதரை வணங்க வருவோருள் தமிழரும் உளர், சிங்களவரும் உளர். திருவிழாக் காலத்தில் அவ்வீதியில் நிற்பவனுக்கு எந்த மொழி முதலிற் காதில் விழுந்தது என்று சொல்லுதல் அரிது. அந்த வட்டாரத்துப் பாடசாலைகளிலே நாட்டுப் பண் எழும்போது, ஒரே மெட்டு ஓரிடத்தில் சிங்களத்திலும் மற்றோரிடத்தில் தமிழிலும் கேட்கும். அம்மெட்டை ஆக்கியவர் யார் என்று கேட்டால் நன்றாய்ப் படிக்கும் மாணவன் ஆனந்த சமரக்கோன் என்று விடை சொல்லிவிடுவான். அவர் வேறு என்ன பாடினார் என்று கேட்டால், தமிழ் வகுப்பில் மாணவனோடு ஆசிரியரும் சேர்ந்து விழிக்க வேண்டியதுதான்.

ஒரே பாட்டால் வாழ்கின்ற புலவர்கள் நமக்குப் புதியவர் அல்லர். செம்புலப்பெயனீரார், குப்பைக்கோழியார் என்று தம் பாட்டில் வந்த உவமையையே பெயராகப் பெற்றவர்களைக் குறுந்தொகையிற் காண்கிறோம். அவர்கள் வேறு பாடினார்களா என்பதைக் காலம் மறைத்துவிட்டது. சமரக்கோனின் கதையோ வேறு. அவர் பல பாடினார். அவை கிடைக்கவும் செய்கின்றன. ஆனால் அவற்றுள் ஒன்றை மட்டும் நாடு எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்டதையும் அப்படியே வைத்துக்கொள்ளவில்லை.

அவர் 1911 ஆம் ஆண்டு ஜனவரி 13 ஆந் தேதி பாதுக்கைப் பகுதியில் ஒரு கிறித்தவக் குடும்பத்திற் பிறந்தார். இட்ட பெயர் ஜோர்ஜ் வில்பிரட். கோட்டை கிறித்தவக் கல்லூரியிற் கற்று, பின்னர் அங்கேயே சங்கீதமும் சித்திரமும் கற்பித்தார். 1934 இல் தாகூர் தம் கலைக்குழுவோடு இலங்கைக்கு வந்து நாட்டிய நாடகம் நிகழ்த்திச் சென்றதன் பின், சாந்திநிகேதனம் என்ற பெயர் இந்நாட்டு இளைஞர் பலரை ஈர்த்தது. சமரக்கோனும் 1936 இல் அங்கே போனார். நந்தலால் போஸ் ஓவியத்தை வளர்த்த காலம் அது. ஆயினும் அவர் அங்கே தங்கியது ஆறு மாதங்களே. படிப்பை முடிக்காமல் திரும்பியவர் பௌத்தராகி, ஆனந்த என்ற பெயரையும் பூண்டார். ஆறு மாதத்தில் ஒருவன் என்ன கற்றுவிட முடியும் என்று கேட்கலாம். ஒன்று கற்றார்: தன் நாட்டுப் பேச்சின் ஓசையிலிருந்தே இசை பிறக்கலாம் என்பதை.

அது அன்று சிறு செய்தி அன்று. கிராமபோன் தட்டுகளில் அக்காலத்தில் ஒலித்த சிங்களப் பாடல்களுட் பல, வட இந்திய மெட்டுக்களின் மேல் சிங்களச் சொற்களைப் பொருத்தி வைத்தவை. தமிழ் நாடக மேடையிலும் தொடக்ககாலப் பேசும்படங்களிலும் இந்துஸ்தானி மெட்டுக்களுக்குச் சொற்கட்டிய வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. சமரக்கோன் சொல்லும் மெட்டும் தாமே ஆக்கினார். கிராமத்துப் பையனும் பெண்ணும் வினாவும் விடையுமாய்ப் பாடும் எண்டத மெனிக்கே என்னும் பாட்டு அவருக்குப் புகழ் தேடித் தந்தது. 1940 முதல் 1945 வரையான ஐந்தாண்டுகளில் அவருடைய நல்ல பாடல்களிற் பெரும்பாலன பிறந்தன. சிங்கள மெல்லிசைக்குத் தந்தை என்று இன்று அவரைச் சொல்வது அந்த ஐந்தாண்டுகளுக்காகவே.

நமோ நமோ மாதா என்ற பாட்டும் 1940 ஐச் சேர்ந்தது. அப்போது அவர் காலி மகிந்தக் கல்லூரியில் ஆசிரியர். நாட்டுப் பண் எழுதவேண்டும் என்று எழுதியதன்று. அந்நாளில் நாடே பிறர் கையில் இருந்தது. நிலத்தின் வளத்தைத் தாயாகக் கண்டு பாடிய அதில் எந்த இனத்தின் பெயரும் இல்லை. கொழும்பு மியூசியஸ் கல்லூரி மாணவியர் அதனை முதலிற் பாடினர். அது தாகூர் செய்து கொடுத்த பாட்டு என்று கூறுவோர் உண்டு. வங்கத்து மணம் அதில் இருப்பது மெய். குருவின் சாயல் மாணவனிடம் இருப்பதனாலேயே மாணவன் எழுதியது குருவினுடையதாகிவிடாது.

1945 இல் அவருடைய ஒரே மகன் ஐந்து வயதில் இறந்தான். பாட்டு நின்றது. தந்தை இந்தியாவுக்குப் போய்த் தூரிகையை எடுத்தார். பதினொரு ஓவியக் கண்காட்சிகள் நடத்தினார். 1951 இலேதான் மீண்டும் இசைக்கு வந்தார்.

இதற்கிடையில் பாட்டு தன் வழியே வளர்ந்தது. 1948 இல் நாட்டுப் பண்ணுக்காக நடந்த போட்டியில் வென்றது வேறொரு பாட்டு. அதை ஆக்கியவர்கள் நடுவர் குழுவிலும் இருந்தார்கள் என்ற முறைப்பாட்டால் அது நிலைபெறவில்லை. 1950 இல் ஜே. ஆர். ஜெயவர்த்தன முன்மொழிய, சேர் எட்வின் விஜயரத்ன தலைமையிலான குழு ஆராய்ந்து, சிறு சொன்மாற்றத்துடன் சமரக்கோனின் பாட்டையே ஏற்றது. 1951 நவம்பர் 22 இல் அது இலங்கையின் நாட்டுப் பண்ணாயிற்று. தமிழ் வடிவம் புலவர் மு. நல்லதம்பியுடையது.

பிறகு வந்தது அபசகுனப் பேச்சு. 1952 இல் பிரதமர் டி. எஸ். சேனநாயக்க குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். அடுத்த ஆண்டு ஹர்த்தாலுக்குப் பின் டட்லி பதவி துறந்தார். 1957 இல் பெருவெள்ளம். 1959 இல் பண்டாரநாயக்க சுடப்பட்டார். நாட்டின் அல்லலுக்கெல்லாம் அப்பாட்டின் முதலெழுத்துக்களில் உள்ள கணக் குற்றமே காரணம் என்று சிலர் கூறலாயினர். இதைக் கேட்டு நாம் நகைப்பதற்கில்லை. முதற்சொல்லுக்கு மங்கலம், எழுத்து, கணம் முதலாகப் பத்துப் பொருத்தம் பார்க்கச் சொல்லும் பாட்டியல் நூல்கள் நம்மிடமும் உண்டு. கலம்பகம் கேட்டு நந்திவர்மன் மாண்டான் என்ற கதையும் உண்டு. ஆனால் நம் பாட்டியலார் புலவனுக்கே விதி சொன்னார்கள். பாடி முடித்து இருபது ஆண்டு சென்றபின், புலவன் உயிரோடிருக்கையில், அவன் மறுக்க மறுக்க முதலைத் திருத்துக என்று எவரும் சொல்லவில்லை.

1961 பெப்ரவரியில் அதுவே நடந்தது. சமரக்கோன் கடுமையாக எதிர்த்தார், பயனில்லை. நமோ நமோ என்ற வணக்கம் போய், அவ்விடத்தில் நாட்டின் பெயர் வந்து அமர்ந்தது. தம் பாட்டின் தலையைக் கொய்துவிட்டார்கள் என்பதே அவர் கொண்ட துயரம். எத்தனையோ பாட்டுச் செய்தவன் ஒரு பாட்டின் இரண்டு சொல்லுக்கு இவ்வளவு வருந்துவதா என்று எண்ணுவோர் எண்ணலாம். மகனை இழந்து, பாடலை விட்டு, மீண்டு வந்தவருக்கு எஞ்சியிருந்த பெருமை அந்த ஒரு பாட்டே என்பதை நினைத்துப் பார்த்தால், இரண்டு சொல் சிறிதாகத் தோன்றாது. 1962 ஏப்ரல் 5 ஆந் தேதி அவர் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். வயது ஐம்பத்தொன்று.

தமிழ் வடிவத்தின் தொடக்கமும் அவ்வாறே மாற்றப்பட்டது. அதை எதிர்ப்பதற்கோ ஒப்புவதற்கோ நல்லதம்பி அப்போது இல்லை. 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பு மாறிய தொடக்கத்தையே சட்டமாக்கியது. இசைக்குறிப்பும் அச்சட்டத்தின் அட்டவணையில் இடம்பெற்றுள்ளது. அந்த மெட்டு அவருடையதே.